போயா நாளும் வெந்நீர்ப் பீலியும்

பதுளையோடு ரயில் பாதை முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் மலைதான். நான் போய் இறங்கியது அறுபதுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த கடையில் இடியப்பம் கேட்டேன். மேலே மஞ்சளாக எதையோ ஊற்றினார்கள். மோர்க்குழம்பு என்று நினைத்து வாயில் வைத்தால் தேங்காய்ப்பால். முகம் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். பரிமாறியவர், "இந்தியாவா?" என்று மட்டும் கேட்டுவிட்டு இன்னும் ஒரு கரண்டி ஊற்றினார். இரண்டாவது இடியப்பத்தில் அந்தத் தேங்காய்ப்பால் சொதி எனக்குப் பிடித்துவிட்டது.

நான் திருச்சியில் ஒரு பட்டறையில் பிட்டர். பம்பு, குழாய், பாய்லர் எதுவானாலும் பிரித்துப் பூட்டுவேன். பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. கணக்கில் மட்டும் ஆசை விடவில்லை. பழைய புத்தகக் கடைகளில் நின்று நின்று படித்துக்கொண்டேன். பட்டறையில் ஒரு இயந்திரம் சண்டித்தனம் செய்தால் அதன் அன்றாட அளவுகளைக் குறித்து வைத்து, அடுக்கிப் பார்த்து, எங்கே கோளாறு என்று சொல்வேன். அதனால்தான் முதலாளி என்னைக் கடல் தாண்டி அனுப்பினார்.

நமுனுகுல மலைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வெந்நீர் ஊற்று இருக்கிறது. பூமிக்குள்ளிருந்து சூடாகவே வரும் தண்ணீர். ஊற்றைச் சுற்றிக் கிணறு மாதிரி கட்டி, பம்பு வைத்து இறைத்து, தொழிற்சாலை மாடிக்குக் குழாய் வழியாகக் கொண்டுபோகிறார்கள். அந்தச் சூட்டில் காற்று வெதுவெதுப்பாகும். அந்தக் காற்றில் பச்சைக் கொழுந்து வாடும். வாட்டுவதற்கு விறகு வேண்டாம். பம்பும் குழாயும் எங்கள் பட்டறையில் செய்தவை. சில மாதங்களாகத் தண்ணீர் ஆறிக்கொண்டே வருகிறது, கொழுந்து சரியாக வாடவில்லை என்று தோட்டத்திலிருந்து புகார். "நம்ம சாமான்ல குத்தம் இல்லேன்னு தெரிஞ்சாப் போதும்யா. சுருக்க வந்து சேரு" என்று முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார்.

ஸ்பிரிங்வெளி பக்கம் ஏறும் பஸ் ஒரு வளைவில் மூச்சை விட்டது. கண்டக்டர் குதித்து இறங்கி டயருக்குக் கீழே கல்லை வைத்தார். எல்லோரும் இறங்கித் தள்ளினோம். ஒரு சிங்களப் பாட்டி சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, தள்ளியபடியே கண்டக்டரை ஏதோ கேட்டார். பஸ்ஸே சிரித்தது. பக்கத்தில் நின்றவர் எனக்குத் தமிழில் சொன்னார்: "கல்யாணத்துக்கு முந்தியும் இதே பஸ்ஸைத் தள்ளினேன், இப்ப பேரப்பிள்ளை பாக்கப் போறேன், இன்னும் தள்ளுறேன். உன் சம்பளத்துல எனக்குப் பங்கு இல்லையா?" இந்த மாதிரிப் பேச்சுகளைக் கேட்டால் எனக்கு வழிச்செலவு வசூலான மாதிரி.

மேலே போகப் போகச் சரிவெல்லாம் பெண்கள். தலையில் கயிறு மாட்டி முதுகில் கூடை தொங்க, கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையும் ஓய்வு இல்லையே, மேல்வருமானத்துக்கு வந்திருப்பார்கள், பாவம் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் ஊர் மில்லிலும் ஞாயிறு வேலைக்கு இரட்டைக் கூலி என்றால் கூட்டம் முண்டும். அந்த நினைப்பை அதோடு விட்டுவிட்டேன்.

டீமேக்கர் ராஜமணி வீட்டில் எனக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். தேயிலை தயாரிப்புக்குப் பொறுப்பானவரை அங்கே டீமேக்கர் என்கிறார்கள்; தொழிற்சாலையை ஸ்டோர் என்கிறார்கள். ராஜமணி நல்ல மனிதர். பேச்சில் பாதி பெருமூச்சு. வாடாத கொழுந்தை அரைத்தால் சாயம் ஏறாது, சாயம் ஏறாவிட்டால் கொழும்பில் விலை போகாது, விலை போகாவிட்டால் துரை தன்னைத்தான் அரைப்பார் என்று முதல் தேநீருக்குள்ளேயே சொல்லிவிட்டார். அவர்கள் வீட்டில் தேநீரில் சீனியைப் போடுவதில்லை. உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டே வெறும் சாயத்தைக் குடிக்கிறார்கள். தேயிலை விளைகிற ஊரில் தேநீர் இவ்வளவு சிக்கனமாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையைப் பார்த்தேன். கொழும்பில் படித்த சிங்களவர். என்னிடம் ஆங்கிலத்திலேயே பேசினார், நிதானமாக. காரணம் அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. ஊற்றின் ஒரு வாய் கீழே, தொழிலாளர் குடியிருக்கும் லயங்களின் பக்கம் வழிகிறது. அங்கே மூங்கிலைப் பிளந்து தண்ணீர் கொட்டும்படி வைத்திருக்கிறார்கள். அதுதான் வெந்நீர்ப் பீலி. தொழிலாளர்கள் காலையும் மாலையும் அங்கே குளித்துச் சூட்டையெல்லாம் கொண்டுபோகிறார்கள், ஆகவே பீலியை அடைத்துவிடப் போகிறேன் என்றார். "சிமெந்து வந்துவிட்டது. நீங்கள் எண்களைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னால் கம்பெனிக்கு எழுதிவிடுவேன்."

மாலையில் பீலிக்கு இறங்கிப் போனேன். ஆவி பறந்துகொண்டிருந்தது. அடைப்பதற்கென்று கொண்டுவந்த சிமெந்து மூட்டைகளின் மேலேயே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். "எங்களுக்குத் தொர பெஞ்சி போட்டுக் கொடுத்திருக்காரு பாத்தீங்களா" என்றாள் ஒருத்தி. யாரும் சிரிக்கவில்லை.

அங்கேதான் ராக்கம்மாவைப் பார்த்தேன். ஐம்பது வயது இருக்கலாம். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, கணவரைத் தோளில் சாய்த்து நடத்திக் கூட்டிவந்தார். நடத்தி என்பதும் சரியில்லை. சடையன் அண்ணனின் கால்கள் தரையில் கோடு இழுத்துக்கொண்டு வந்தன. ஸ்டோரில் தேயிலை உலர்த்தும் அடுப்புக்கு விறகு வெட்டிக்கொண்டிருந்தவர். ஒரு மழை நாளில் அடுக்கிலிருந்து கட்டை உருண்டு இடுப்பில் விழுந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் எலும்பைச் சேர்த்து அனுப்பிவிட்டார்கள். கால் விறைப்பு மட்டும் போகவில்லை. பீலிக்குக் கீழே உட்கார வைத்து இடுப்பில் வெந்நீர் விழ விட்டார் ராக்கம்மா. வெகு நேரம். பிறகு அவர் மனைவியின் கையைப் பிடித்து எழுந்தார். கம்பை ஊன்றி, தன் காலாலேயே, மெதுவாக லயத்துக்கு ஏறிப் போனார்.

"காலையில காலு மறுபடி கட்டையாப் போயிரும்ங்க" என்றார் ராக்கம்மா என்னிடம். "வீட்டுல தண்ணி காய வச்சும் ஊத்திப் பாத்தாச்சு. ஒரு பானைத் தண்ணி எம்மாத்தரம்? இது நிக்காம ஊத்தணும்." பிறகு, "ஐயாவுக்கு எந்தூரு?" என்றார். திருச்சி என்றேன். "எங்க பேப்பர்லயும் திருச்சின்னுதான் போட்டிருக்கு. தொறையூர்ப் பக்கமாம். தாத்தா காலத்துல வந்தது. நாங்க பாத்ததில்ல. இந்தியாவுக்கே திரும்பிப் போக எழுதிக் குடுத்திருக்கோம், எப்ப கூப்புடுவாகளோ." பீலியை எப்போது அடைக்கப்போகிறார்கள் என்று கேட்டார். தெரியாது என்றேன். அது என் வாயில்தான் இருக்கிறது என்று சொல்லத் தைரியம் வரவில்லை.

ஊற்றின் சூட்டைத் தினமும் விடிகாலையில், பம்பு ஓடுவதற்கு முன், காவலுக்கு இருக்கும் வாட்ச்சர் அளந்து சொல்லுவார். ஸ்டோரில் எழுதி வைப்பார்கள். ஒரு வருஷத்துக்கும் மேலான அளவுகள் இருந்தன. தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கும் தாளைச் சீட்டுச் சீட்டாக வெட்டினேன். ஒரு நாளுக்கு ஒரு சீட்டு. ஸ்டோர் மாடியில் பெட்டி மூடிகளைப் பரப்பி அவற்றில் அடுக்கத் தொடங்கினேன். முதலில் மழைக் கணக்கோடு ஒப்பிட்டேன். சூடு மழைக்கு மசியவில்லை. அடுத்தது பம்பு. பம்பு மேல் தப்பு என்றால் அது ஓய்ந்த நாளுக்கு மறுநாள் தண்ணீர் சூடேறியிருக்க வேண்டும். எந்த இயந்திரமும் வாரத்துக்கு ஒரு நாள் ஓயும். ஆகவே கிழமைவாரியாக ஏழு குவியல் போட்டேன். ஞாயிற்றுக்கிழமைகள் ஒன்றாக, திங்கட்கிழமைகள் ஒன்றாக. ஒவ்வொரு குவியலுக்கும் சராசரி எடுத்தேன்.

ஏழும் ஒன்று போலவே இருந்தன. திங்களுக்கும் வியாழனுக்கும் இம்மி வித்தியாசம் இல்லை.

இரண்டு நாள் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். மாற்றமில்லை. பம்பு ஓய்ந்தாலும் ஓடினாலும் ஊற்றுக்கு ஒன்றுதான் என்று அந்தக் குவியல்கள் சொல்லின. முதலாளி கேட்டது கிடைத்துவிட்டது. ராஜமணியிடம் பம்பில் கோளாறு தெரியவில்லை என்றேன். அவர் அதைத் துரையிடம் சொன்னார். வெள்ளிக்கிழமை காலை கொத்தனார் வருவார் என்று அன்றே செய்தி வந்துவிட்டது. அன்று மாலை நான் பீலிப் பக்கம் போகவில்லை.

துரைக்குக் காட்டக் கோடு போட்ட கட்டத் தாள் வேண்டும். வியாழக்கிழமை, வீடு விழிக்கும் முன் கிளம்பிப் பதுளைக்கு முதல் பஸ் ஏறினேன். வேலைக்கு ஆள் கூப்பிடும் பெரட்டுக் கொம்புச் சத்தம் கேட்கவில்லை. நான்தான் அதற்கு முன்னாலேயே கிளம்பிவிட்டேன் என்று எண்ணிக்கொண்டேன்.

பதுளை பூட்டிக் கிடந்தது. ஒரு கடை திறக்கவில்லை. வியாழக்கிழமை! யாரோ பெரியவர் இறந்துபோய் ஊரே கடையடைத்துவிட்டது போல என்று பயந்துவிட்டேன். ஒரு புத்தகக் கடையின் மூடிய பலகைகளுக்கு முன்னால் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "பாய், கடை எப்பத் திறக்கும்?" என்றேன்.

"இங்க பாய் இல்ல, நானான்டு சொல்லணும் தம்பி" என்று சிரித்தார். கடை அவருடையதுதான். "இன்டைக்குப் போயாதானே? நீங்க கிழமையப் பாத்து வந்திருக்கிறீங்க. இந்த நாட்டுல இப்ப நிலாவப் பாத்துட்டுத்தான் கடைக்கு வரணும்."

நான் விழித்ததைப் பார்த்து விளக்கினார். சில வருஷங்களாக ஞாயிற்றுக்கிழமை விடுமுறை எடுபட்டுவிட்டது. முழு நிலா, மறைந்த நிலா, இரண்டுக்கும் நடுவே வரும் இரண்டு அரை நிலா, இந்த நான்கும்தான் ஓய்வு நாள். வாரம் சில சமயம் ஒரு நாள் நீளும். விடுமுறை ஒரு மாதம் செவ்வாயில் விழும், நகர்ந்து நகர்ந்து புதனுக்குப் போகும், வியாழனுக்குப் போகும். "என்ட மருமகனுக்குக் கவர்மென்ட் கச்சேரி ஆபீஸுல வேலை. அவருக்கு எப்ப லீவுன்டு எங்களுக்கே தெரியாது. பிள்ளைகள் மொட்டை மாடியில ஏறி நிலாவப் பாத்துட்டுத்தான் வாப்பா நாளைக்கு வீட்டுலயான்டு சொல்லுதுகள்."

நான் அவர் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வந்த அன்று பஸ்ஸிலிருந்து பார்த்த பெண்கள் மேல்வருமானத்துக்கு வந்தவர்கள் இல்லை. அது அவர்களுக்குச் சாதாரண வேலை நாள். என் ஏழு குவியலும் திருச்சிக் குவியல். ஓய்வு நாளை வருஷம் முழுக்க ஏழு கிழமைக்கும் சமமாகப் பங்கு போட்டுவிட்டு, வித்தியாசம் இல்லை என்று நானே சொல்லியிருக்கிறேன். தோட்டத்தில் யாரும் இதை எனக்குச் சொல்லவில்லை என்றால் குற்றம் அவர்களுடையதா? சூரியன் கிழக்கே உதிக்கும் என்று வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் யார் சொல்வார்கள்?

போயா நாள் குறித்த காலண்டர் கிடைக்குமா என்றேன். நானா கடைக்குள் போய் இந்த வருஷத்துக்கானதைக் கொடுத்தார். போன வருஷத்துடையதும் வேண்டுமே என்று இழுத்தேன். அவர் யோசித்துவிட்டு, உள்ளே அலமாரித் தட்டிலிருந்த புத்தகங்களை இறக்கி, அடியில் ஒட்டியிருந்த போன வருஷத்துக் காலண்டர் தாள்களை ஒவ்வொன்றாக உரித்தெடுத்தார். ஒரு மாதம் கரையான் தின்றிருந்தது. மற்றவை போதும். மதியம் அவர் வீட்டிலேயே சோறு. விடுமுறை என்பதால் பஸ் பிற்பகலில்தான் வந்தது. அதுவும் தள்ளாமல் ஏறியது.

தோட்டத்தில் இறங்கியபோது பீலியில் திருவிழாக் கூட்டம். போயா நாள் அல்லவா? குழந்தைகள், துணி துவைப்பவர்கள், தலைக்கு எண்ணெய் வைத்தவர்கள் என்று லயமே அங்கே இருந்தது. நாளைக்குப் பீலி இருக்காது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ராக்கம்மாவும் சடையன் அண்ணனும் ஓரமாக முறைக்குக் காத்திருந்தார்கள். நான் நிற்காமல் ஸ்டோருக்கு ஏறினேன்.

அதே சீட்டுகள்தான். போயாவுக்கு மறுநாள் எல்லாம் ஒரு மூடியில், அதற்கடுத்த நாள் எல்லாம் அடுத்த மூடியில் என்று மாற்றி அடுக்கினேன். பொழுது சாய்வதற்குள் தெரிந்துவிட்டது. போயாவுக்கு மறுநாள் காலையில்தான் ஊற்று அதிகச் சூடு. பிறகு ஒவ்வொரு வேலை நாளும் படியிறங்குவது போல இறங்குகிறது. அடுத்த போயா வந்ததும் மறுபடி மேலே. தாளில் போட்டால் ரம்பத்தின் பல் மாதிரி இருந்தது. பம்பு ஊற்று கொடுப்பதை விட அதிகமாக உறிஞ்சுகிறது. கிணற்றில் மட்டம் தாழும்போது பக்கத்து ஓடையின் குளிர்ந்த தண்ணீர் மண்ணுக்குள் கசிந்து உள்ளே வருகிறது. பம்பு ஓய்ந்தால் ஊற்று தன்னைத் தானே மீட்டுக்கொள்கிறது. குளிக்கிற கூட்டம் மிக அதிகமாக இருக்கும் நாளுக்கு மறுநாள்தான் தண்ணீர் மிகச் சூடாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை துரையை எதிர்பார்த்துப் பீலியிலேயே நின்றேன். கொத்தனார் மணலை வட்டமாகக் குவித்து வைத்துவிட்டுச் சும்மா இருந்தார். சடையன் அண்ணன் பீலிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். "அவரு குளிச்சி எந்திரிக்கட்டும்ங்க. கடைசிக் குளிப்பு" என்றார் கொத்தனார்.

துரை வந்தார். தாளைக் காட்டிச் சொன்னேன். அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"பம்பில் கோளாறு இல்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?"

"கிழமையைத் தப்பாக எண்ணிவிட்டேன். எங்கள் பம்பு இந்த ஊற்றுக்குப் பெரியது. விற்கும்போதே யோசித்திருக்க வேண்டும்."

"இதை உங்கள் முதலாளியிடமும் சொல்வீர்களா?"

"சொல்லித்தான் ஆகவேண்டும்."

அவர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். நம்பவில்லை என்று தெரிந்தது. கோடுகளை யாரும் எப்படியும் வரையலாம் என்பது போல ஒரு பார்வை.

"நேற்று இந்தத் தோட்டமே இங்கே குளித்தது. சூட்டை இவர்கள்தான் கொண்டுபோகிறார்கள் என்றால் இன்று தண்ணீர் ஆறியிருக்க வேண்டும். கை வைத்துப் பாருங்கள்" என்றேன்.

தொழிலாளர் குளிக்கும் பீலியில் துரை கை வைப்பதா? ராஜமணி எனக்குப் பின்னால் நின்று இருமினார். துரை கைக்கடிகாரத்தைக் கழற்றி ராஜமணியிடம் கொடுத்தார். குனிந்து, சடையன் அண்ணனின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டினார். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"தொரைக்கு இப்பத்தான் சூடு தெரியுது" என்று ராக்கம்மா தரையைப் பார்த்துச் சொன்னார். துரைக்குத் தமிழ் புரியும். அவர் கேட்காத மாதிரி கையைத் துடைத்துக்கொண்டார். அடுத்த போயா வரைக்கும் அவகாசம், அதற்குள் தண்ணீர் ஆறினால் கொத்தனார் திரும்ப வருவார் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு ஏறிப் போனார்.

ராஜமணியும் நானும் ஸ்டோரின் பழைய சாமான்களைக் குடைந்து, வேகத்தைக் குறைக்க வேறு அளவில் ஒரு கப்பி தேடிப் பூட்டினோம். பம்பு பாதி வேகத்தில், இடைவிட்டு ஓடியது. முதல் இரண்டு நாள் கொழுந்து வாடத் தாமதமாயிற்று. ராஜமணி பெருமூச்சை நிறுத்தவே இல்லை. மூன்றாம் நாளிலிருந்து அவர் தேநீர் குடிக்கும்போது பேசத் தொடங்கினார். விடிகாலைகளில் நானே போய் அளந்தேன். படியிறக்கம் நின்றுவிட்டது. ரம்பத்தின் பல் தேய்ந்து, கோடு தரை மாதிரி கிடந்தது.

அடுத்த போயாவுக்கு முந்திய நாள் துரை ஆள் அனுப்பினார், சிமெந்து மூட்டைகளை ஸ்டோருக்கு எடுத்துவரச் சொல்லி. வந்தவர்கள் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தார்கள். இத்தனை நாள் மூடுபனியும் பீலியின் ஆவியும் பட்டு மூட்டைகள் உள்ளுக்குள் இறுகிக் கல்லாகியிருந்தன. சாக்கின் மடிப்புகள் கூட அப்படியே பதிந்திருந்தன. கடப்பாரை போட்டு உடைத்தாலும் பயனில்லை என்று அங்கேயே விட்டுப் போய்விட்டார்கள்.

மறுநாள் எனக்கு ரயில். பையோடு பீலிக்கு இறங்கினேன். வழியில் தின்ன ராக்கம்மா ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும் பொட்டலம் கட்டி வைத்திருந்தார். சடையன் அண்ணன் குளித்துவிட்டு, கல்லாகிப்போன மூட்டை மேல் உட்கார்ந்து இடுப்பை உலர்த்திக்கொண்டிருந்தார். அவர்களுக்கு இந்தியாவுக்குப் போகக் கடிதாசி வந்துவிட்டதாம். இன்னும் சில மாதத்தில் கப்பல்.

இப்போதுதான் பீலி நிலைத்தது. நான் பொட்டலத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன்.

"தொறையூர்ப் பக்கம் இது மாதிரி ஊத்து இருக்குங்களா தம்பி?" என்றார் ராக்கம்மா. அன்றுதான் முதல் தடவையாக என்னைத் தம்பி என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். "இல்லைங்கக்கா. கிணத்துத் தண்ணிதான். சித்திரை வெயில்ல மட்டும் வெதுவெதுன்னு இருக்கும்."

அவர் கணவரைப் பார்த்தார். "அப்பச் சரி. வருசத்துல ஒரு மாசம் நடந்துக்கலாம்" என்றார்.

சடையன் அண்ணன் சிரித்தார். பிறகு கம்பை எடுத்து மனைவியிடம் கொடுத்துவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் ஊற்றிக்கொள்கிறேன் என்று மறுபடியும் பீலிக்குக் கீழே போய் உட்கார்ந்தார்.